அடியில் ஒரு பெண் இருக்கிறாள்: பால்சாக்கின் ஓவியர் கதைக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு

பிரெஞ்சு இலக்கியத்தில் எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் தடிமனான நாவல் எதையும் நான் கையில் கொடுப்பதில்லை. ஒரு மாலையில் முடிந்துவிடுகிற கதை ஒன்றைச் சொல்வேன். ஹொனொரே த பால்சாக் எழுதி 1831இல் முதலில் அச்சான ‘ல ஷெதெவ்ர் அங்கொன்யு’. தமிழில் ‘அறியப்படாத உன்னதப் படைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருடமாக ஒரே படத்தைத் தீட்டிக்கொண்டு, அதை ஒருவர் கண்ணிலும் காட்டாமல் பூட்டி வைத்திருக்கும் ஒரு கிழ ஓவியரின் கதை.

சின்னக் கதைதானே என்று அசட்டையாக எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் தடவை நானே பாதியில் மூடி வைத்தேன். தொடக்கத்தில் பக்கம் பக்கமாக மூன்று ஆண்கள் நிழல், நிறம், கோடு என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யாரையும் தெரியாத கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது போல இருந்தது. இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், எதைத் தாவிப் போனேனோ அதில்தான் கதையே இருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தாவலை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காம் படியில் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். மூன்றாம் படி முடிந்ததும் இதை மூடிவிட்டுக் கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

முதல் படி: எந்தப் பதிப்பு?

பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை. பிரெஞ்சு விக்கிமூலத்தில் முழுக் கதையும் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள். காசு செலவில்லாமல் படிக்க குட்டன்பர்க் தளத்தில் கேதரின் பிரெஸ்காட் வோர்ம்லியின் பழைய மொழிபெயர்ப்பு கிடைக்கும். நடை கொஞ்சம் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு நடக்கும், பரவாயில்லை. வாங்குவதாக இருந்தால் ரிச்சர்ட் ஹோவர்ட் மொழிபெயர்த்து, நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் 2001இல் வெளியிட்ட புத்தகம் நல்லது. அதில் ‘கம்பரா’ என்ற இன்னொரு கதையும் சேர்ந்து வருகிறது. அதற்கும் பிறகு வேலை இருக்கிறது. ஆர்தர் டான்டோ என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிய முன்னுரையும் உண்டு. அதைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதுகிறவர்கள் எல்லோருமே கதையை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

இரண்டாம் படி: ஆட்களைத் தெரிந்துகொள்வது

கதை நடப்பது 1612ஆம் வருடம், டிசம்பர் மாதக் குளிர்காலை, பாரிஸில் கிராண்ட்ஸ் ஒகுஸ்தான் தெரு. கதைக்குள் வருகிறவர்களில் இரண்டு பேர் நிஜமாக வாழ்ந்த ஓவியர்கள். இது தெரியாமல் படித்தால் பாதி ருசி போய்விடும்.

போர்பூஸ், நிஜத்தில் இளைய ஃபிரான்ஸ் பூர்பூஸ், ஃபிளாண்டர்ஸ்காரர். நான்காம் ஹென்றி மன்னரையும் அரசி மரீ த மெடிசியையும் வரைந்த அரண்மனை ஓவியர். கதையில் அவருக்கு மவுசு இறங்கத் தொடங்கிவிட்டது. அரசியின் பார்வை ரூபன்ஸ் என்ற இன்னொரு ஓவியர் பக்கம் திரும்பிவிட்டது. நல்ல தொழில்காரர், நிதானமான மனிதர்.

பூஸான், அதாவது நிகொலா பூஸான். பின்னாளில் பிரெஞ்சு ஓவியத்தின் தூணாகச் சொல்லப்படப் போகிறவர். ஆனால் கதையில் வயது பதினெட்டு, மெல்லிய சட்டை, கையில் காசில்லை, போர்பூஸின் வீட்டுப் படியில் ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறான். அவன் யாராகப் போகிறான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பால்சாக் அதை வைத்துத்தான் விளையாடுகிறார்.

மூன்றாவது ஆள் கிழவர் ஃப்ரென்ஹோஃபர். இவர் கற்பனை. மபூஸ் என்ற நிஜ ஓவியரின் ஒரே சீடர் என்று கதை சொல்கிறது. மபூஸ் செத்தது 1532இல். கணக்குப் போட்டால் கிழவருக்குத் தொண்ணூறு தாண்டியிருக்க வேண்டும். பால்சாக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரு பொருட்டில்லை. கிழவரின் முகத்தை வர்ணிக்கும்போது, சட்டமில்லாத ரெம்பிராண்ட் ஓவியம் ஒன்று இருட்டில் சத்தமில்லாமல் நடந்து வருவது போல என்கிறார். 1612இல் ரெம்பிராண்டுக்கு ஆறு வயது.

நான்காவது ஜிலெட். பூஸானின் காதலி. ஆங்கில எழுத்தில் பார்த்தால் சவரக்கத்திதான் ஞாபகம் வரும், வேறு வழியில்லை. கதையில் அவள் வரும் இடங்கள் குறைவு. பேச்சும் குறைவு. ஆனால் கதையின் முதல் பகுதிக்கு அவள் பெயரைத்தான் பால்சாக் தலைப்பாக வைத்திருக்கிறார். இரண்டாம் பகுதிக்குத் தலைப்பு கத்ரீன் லெஸ்கோ, அதாவது கிழவரின் படத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண். ஒருத்தி உயிரோடு இருப்பவள், இன்னொருத்தி படத்தில் இருப்பவள். இதை மனதில் போட்டு வையுங்கள்.

கிழவரின் படத்துக்கு ஒரு பட்டப்பெயரும் வரும்: ‘லா பெல் நுவாஸேஸ்’. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வேர், சண்டை வம்பு என்ற பொருளில் வருவது. ‘வம்புக்கார அழகி’ என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

படிக்க உட்காரும் முன் கைப்பேசியில் மூன்று படங்களைத் தேடிப் பார்த்துவிடலாம். பூர்பூஸ் வரைந்த மரீ த மெடிசி, டிஷியன் வரைந்த எந்தப் பெண்ணும், ஹோல்பைன் வரைந்த எந்த முகமும். ஜெர்மன்காரர் ஹோல்பைனிடம் முகத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். வெனிஸ்காரர் டிஷியனிடம் உடம்பு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் போதும், தொடக்கப் பக்கங்களின் வாதம் முழுக்க விளங்கிவிடும்.

மூன்றாம் படி: முதல் காட்சியைத் தாவாமல் படிப்பது

போர்பூஸின் பட்டறையில் ஒரு படம் நிற்கிறது. எகிப்து மரியாள் என்ற புனிதை, படகுக்காரனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் நிற்கும் காட்சி. எல்லோரும் பாராட்டும் படம். கிழவர் வந்து பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்கிறார். ஒரு பக்கம் துடிக்கிறது, இன்னொரு பக்கம் செத்துக் கிடக்கிறது. நீ ஜெர்மன்காரர்களின் கோட்டுக்கும் வெனிஸ்காரர்களின் நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் கோட்டைவிட்டாய் என்று போர்பூஸைப் பிடிபிடி என்று பிடிக்கிறார்.

இந்தக் கோடா நிறமா என்ற சண்டை பால்சாக் இட்டுக்கட்டியது இல்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் கலைக் கழகம் இதற்காகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதியது. நிறக் கட்சிக்கு ரூபன்ஸின் பெயர். கோட்டுக் கட்சிக்கு யார் பெயர் தெரியுமா? இந்தக் கதையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற அதே பையன், பூஸான். பால்சாக் எழுதிய காலத்திலும் ஆங்கர், தெலக்ருவா என்ற இரண்டு ஓவியர்களை வைத்து அதே சண்டை புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

கிழவர் சொல்லும் உதாரணங்களில் ஒன்றைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். உன் காதலியின் கையை பிளாஸ்டரில் அச்செடுத்து முன்னால் வைத்துப் பார், அது பிணத்தின் கை, அவள் கைபோலவே இருக்காது என்கிறார். கலையின் வேலை இயற்கையை நகலெடுப்பது இல்லை, அதைச் சொல்வது என்கிற புகழ்பெற்ற வாக்கியமும் இங்கேதான் வருகிறது.

சரி, பேச்சு மட்டும்தானா? இல்லை. இங்கேதான் நான் முதல் தடவை தாவிப்போன இடம் வருகிறது. கிழவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போர்பூஸின் கையிலிருந்து வண்ணத்தட்டைப் பிடுங்குகிறார். இந்த நிறத்தையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படி வரைவது என்று முணுமுணுக்கிறார். தூரிகையை இங்கே ஒரு தொடல், அங்கே ஒரு தொடல். பஃப், பஃப், பஃப் என்று வாயால் சத்தம் போடுகிறார். பால்சாக் அந்தச் சத்தத்தை அப்படியே எழுதியிருக்கிறார். மெலிதாக ஒரு நீலப் பூச்சு விழுந்ததும் புனிதையின் தலையைச் சுற்றிக் காற்று ஓடத் தொடங்குகிறது. அதுவரை விறைத்துக் கிடந்த உருவம் மூச்சு விடுகிறது. பூஸான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் வேறாகிவிடுகிறது.

கிழவர் வாய்ச்சொல் வீரர் இல்லை, அவருக்குத் தெரியும். அவர் சொல்வது சரி, அதைச் செய்தும் காட்டுகிறார். அவருடைய வீட்டுக்குப் போனதும் இன்னொரு சாட்சியும் கிடைக்கும்: சுவரில் மாட்டியிருக்கும் படம் ஒன்றைப் பார்த்து வெனிஸ் ஓவியர் ஜோர்ஜோனே வரைந்ததா என்று பூஸான் அசந்துபோகிறான். இல்லை, நான் ஆரம்ப காலத்தில் கிறுக்கியது என்கிறார் கிழவர்.

இங்கே இன்னொரு வாக்கியம் பறந்து போகும், பிடித்துக்கொள்ளுங்கள். புனிதையைத் திருத்தி முடித்ததும், கடைசித் தூரிகைத் தொடல்தான் கணக்கு, போர்பூஸ் நூறு வைத்தான், நான் ஒன்றுதான் வைக்கிறேன் என்கிறார். அதோடு, அடியில் இருப்பதற்காக நம்மை யாரும் மெச்சப்போவதில்லை, இதை நன்றாகத் தெரிந்துகொள் என்கிறார். இந்த ‘அடியில்’ என்ற சொல்லுக்கு ஒரு வட்டம் போட்டு வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நடுவில் மபூஸைப் பற்றி ஒரு துணுக்கு வரும். ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசர் ஊருக்குள் வருகிறார். வரவேற்புக்கு உடுத்தக் கொடுத்த பூவேலைப் பட்டை விற்றுக் குடித்துவிட்டு, காகிதத்தில் அதே பட்டு போல வரைந்து உடுத்திக்கொண்டு போய் நிற்கிறார் மபூஸ். அந்தப் பட்டின் பளபளப்பு பேரரசர் கண்ணையே இழுத்துவிட்டது, அப்புறம்தான் குட்டு உடைந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓவியம் எவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்பது இங்கே சத்தமில்லாமல் கதைக்குள் நுழைந்துவிடுகிறது.

ஒகுஸ்தான் தெருவின் இந்தப் பக்கங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி தானாக ஓடும். ஓடும்போது ஜிலெட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூஸான் வீடு திரும்பி, கிழவருக்கு முன்னால் மாடலாக நிற்பாயா என்று அவளிடம் கேட்கிறான். அதற்கு முன் அவள் தன் மனக்குறை ஒன்றைச் சொல்லியிருப்பாள்: உனக்கு முன்னால் நான் மாடலாக நிற்கும்போது உன் கண்கள் என்னிடம் எதுவும் பேசுவதில்லை, என்னைப் பார்க்கிறாய், ஆனால் என்னை நினைப்பதில்லை. கிழவரின் பட்டறைப் பேச்சு முழுவதையும்விட இந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

நான்காம் படி: முடிவை மெதுவாகப் பார்ப்பது

மூன்று மாதம் கழிகிறது. கிழவருக்கு ஒரு சந்தேகம்: தன் படத்துப் பெண்ணை மிஞ்சும் அழகு உலகத்தில் எங்காவது இருக்குமோ? துருக்கி, கிரீஸ், ஆசியா என்று தேடிப் போகக் கிளம்பி நிற்கிறார். போர்பூஸ் தரகு பேசுகிறார். பெண்ணுக்குப் பெண் என்று அவர் வாயாலேயே வருகிறது: நீங்கள் ஜிலெட்டைப் பாருங்கள், நாங்கள் உங்கள் படத்தைப் பார்க்கிறோம். கிழவர் கொதிக்கிறார். அது வெறும் படமில்லை, ஓர் உணர்ச்சி, ஒரு வேட்கை, அவளை எப்படி அடுத்தவன் பார்க்க விடுவேன் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், துணியில் இருக்கும் பெண்ணுக்காகக் கிழவர் படும் பொறாமையை, ரத்தமும் சதையுமாக இருக்கும் பெண்ணுக்காகப் பூஸான் சரியான நேரத்தில் படவில்லை. ஜிலெட்டும் கிழவரும் உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகுதான் குத்துவாளின் பிடியில் கை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறான்.

பிறகு போர்பூஸையும் பூஸானையும் கிழவர் உள்ளே கூப்பிடுகிறார். தேடுகிறார்கள். சுவரில் இருக்கும் மற்றப் படங்களைப் பார்த்து இதுவா அதுவா என்கிறார்கள். கிழவர் சிரித்துக்கொண்டே கேன்வாஸின் முன் நிறுத்துகிறார். எதிரில் இருப்பது குழம்பிய நிறங்கள், கணக்கில்லாத விசித்திரக் கோடுகள், பூசிப் பூசி எழும்பிய ஒரு சுவர். வலது பக்கம், இடது பக்கம், குனிந்து, நிமிர்ந்து என்று பார்க்கிறார்கள். கிழவர் ஏமாற்றுகிறாரோ என்றுகூடப் பூஸானுக்குத் தோன்றுகிறது. கிட்டப் போனதும் ஒரு மூலையில் தெரிகிறது: ஒரு வெறும் பாதம். அந்த நிறக் குழப்பத்திலிருந்து தப்பி வெளியே வந்த, உயிருள்ள, அற்புதமான ஒரு பாதம்.

அப்போது போர்பூஸ் கத்துகிறார்: இதற்கு அடியில் ஒரு பெண் இருக்கிறாள்.

நீங்கள் வட்டம் போட்ட சொல் இதோ. அடியில் இருப்பதற்காக நம்மை யாரும் மெச்சப்போவதில்லை என்று கிழவரே சொன்னார். படத்தை இன்னும் சரி, இன்னும் சரி என்று அடுக்கடுக்காகப் பூசி, மெச்ச வேண்டியது அத்தனையையும் அடியில் புதைத்தவரும் அவரே. இதைக் கதையாசிரியர் எங்கும் விளக்கவில்லை. இரண்டு இடங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வேலையை நமக்கு விட்டுவிட்டார். கதையை இரண்டாம் முறை படிக்கச் சொல்வதே இதற்காகத்தான்.

இந்த இடத்தில் புதியவர்கள் பலரும் கிழவர் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். அந்தப் பாதத்தை வரைந்த கை, புனிதைக்கு மூச்சு கொடுத்த அதே கை. திறமை இல்லாதவன் தோற்றால் அதில் கதை இல்லை. எல்லாம் தெரிந்தவர், போர்பூஸின் படத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று கண நேரத்தில் கண்டுபிடித்தவர், தன் படத்தில் எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்கவில்லை. வலி அங்கே இருக்கிறது. போர்பூஸ் முன்பே பூஸானுக்கு ஒரு புத்திமதி சொல்லியிருப்பார்: ஓவியன் தூரிகை கையில் இருக்கும்போது மட்டும்தான் யோசிக்க வேண்டும். சராசரிக்காரர் சொன்னது, ஆனால் பிழைக்கத் தெரிந்தவர் சொன்னது. அதற்காக, பூரணத்துக்கு ஆசைப்பட்டால் கெட்டுப்போவாய் என்று கதை நம்மை எச்சரிப்பதாக எடுத்துக்கொண்டால், ஆசையே படாத போர்பூஸ்தான் கதாநாயகன் என்று ஆகிவிடும்! அவர் படத்துக்கு உயிர் கொடுக்க யார் வரவேண்டியிருந்தது?

சரி, எல்லோரும் கேன்வாஸையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜிலெட் எங்கே? ஒரு மூலையில் அழுதுகொண்டிருக்கிறாள். பூஸான் அவளை மறந்தே போய்விட்டான். அவள் பேசுவதைக் கேளுங்கள்: உன்னைக் காதலிக்கிறேன், அதற்குள் வெறுக்கவும் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது. படம் தோற்றது ஒருவருக்கு; ஒப்பந்தத்தில் தோற்றவள் இவள். வரலாற்றுப் பூஸான் 1624இல் ரோம் போய்ச் சேர்ந்து, மன்னர் கூப்பிட்டு 1640களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் பாரிஸுக்கு வந்ததைத் தவிர, 1665இல் சாகும்வரை அங்கேயே வரைந்து பெரும்புகழ் பெற்றார். அந்தப் புகழின் முதல் தவணையை யார் கட்டினார்கள் என்று பால்சாக் ஒரு கற்பனைக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

ஐந்தாம் படி: நிறுத்தத் தெரியாத இன்னொருவர்

கதையின் கடைசி வரிகளில், மறுநாள் போர்பூஸ் போய்ப் பார்க்கும்போது கிழவர் தன் படங்களை எரித்துவிட்டு இரவோடு இரவாக இறந்துபோயிருக்கிறார். இந்த முடிவு முதலில் இல்லை. 1831 ஜூலை 31, ஆகஸ்ட் 7 என்று இரண்டு தவணையாக ‘லார்த்திஸ்த்’ பத்திரிகையில் வந்தபோது கிழவர் சாகவில்லை. கதைக்கு ‘விநோதக் கதை’ என்று ஒரு துணைத்தலைப்பும் இருந்தது. அதே வருடம் புத்தகத்தில் சேர்த்தார். 1837இல் மறுபடி கை வைத்தார்: ஓவியம் பற்றிய பேச்சைப் பெருக்கி, எரிப்பையும் சாவையும் சேர்த்தார். 1846இல் ‘மானுட நாடகம்’ என்ற தன் பெருந்தொகுப்பில் போட்டார். 1847இல் ‘ஜிலெட்’ என்று பெயரையே மாற்றி இன்னொரு தடவை.

பால்சாக் அச்சுக்கூடத்தாருக்கு ஒரு சிம்மசொப்பனம். மெய்ப்புத் தாளை அனுப்பினால் திருத்தம் வராது, ஓரமெல்லாம் புதுக்கதை எழுதிவரும். கோடுகள் தாளைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும். அவருடைய மெய்ப்புத் தாள் ஒன்றின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கிழவரின் கேன்வாஸ் எப்படி இருந்திருக்கும் என்று அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். அவர் அச்சுக்கு விட்டார்.

ஆறாம் படி: தன்னைப் பார்த்துக்கொண்டவர்கள்

இது கட்டாயமில்லாத படி, ஆனால் சுவையானது. ஓவியர்கள் இந்தக் கதையைக் கதையாகப் படிக்கவில்லை. எமீல் பெர்னார் என்ற இளம் ஓவியர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: தென்பிரான்ஸின் எக்ஸ் நகரில் வயதான ஓவியர் செசானோடு சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ஃப்ரென்ஹோஃபர் பேச்சு வந்தது. செசான் எழுந்தார். எதிரில் வந்து நின்றார். ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார், நான்தான் அது என்று. ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கியிருந்தது.

அப்புறம் பிக்காஸோ. அம்புருவாஸ் வொல்லார் என்ற ஓவிய வியாபாரி, கதை வந்த நூறாவது வருடமான 1931இல் பிக்காஸோவின் செதுக்கோவியங்களோடு இதை ஒரு பெரிய புத்தகமாகப் பதிப்பித்தார். கொஞ்ச வருடத்தில் பிக்காஸோ கிராண்ட்ஸ் ஒகுஸ்தான் தெரு 7ஆம் எண் வீட்டின் மேல்தளத்தைப் பட்டறையாக எடுத்தார். போர்பூஸின் பட்டறையாகக் கதையில் வருவது அந்த வீடுதான் என்பது நம்பிக்கை. 1937இல் ‘கெர்னிகா’வை அங்கேதான் வரைந்தார். இன்றைக்கும் அந்த வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பிக்காஸோ பெயரும் பால்சாக்கின் கதைப் பெயரும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பாரிஸ் போகிறவர்கள் ஸான் மிஷெல் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். இருந்ததே இல்லாத ஓர் ஓவியர் புனிதைக்கு மூச்சு கொடுத்த வீடு, நிஜத் தெருவில், நிஜக் கதவோடு நிற்கிறது.

ஏழாம் படி: அடுத்து எதை எடுப்பது

இதே வழியில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு என் வரிசை இது. வேறு வரிசையும் இருக்கலாம், எனக்கு இது வேலை செய்தது.

முதலில் ‘கம்பரா’, 1837. ஓவியருக்குப் பதில் இசையமைப்பாளர். பாரிஸில் வறுமையில் கிடக்கும் இத்தாலியர், முகம்மது நபியைப் பற்றி மாபெரும் ஓபரா எழுதியிருப்பவர். நிதானத்தில் இருக்கும்போது அவர் வாசிப்பது காதுக்கு நாராசம், குடித்துவிட்டால் அற்புதம். கிழவரின் கேன்வாஸைப் போலவே இங்கேயும் கலைஞனுக்கு ஒன்று கேட்கிறது, கேட்பவனுக்கு வேறு கேட்கிறது. இசை விவரிப்பு நீளம். உண்மையைச் சொன்னால் சில பக்கங்களை நான் வேகமாகத்தான் புரட்டினேன். அவருடைய மனைவி மரியானாவை மட்டும் கவனியுங்கள்.

பிறகு ‘சராஸின்’, 1830. ஒரு சிற்பி ரோமில் ஒரு பாடகியைப் பார்த்து, தான் தேடிய பூரண அழகு இதுதான் என்று முடிவு கட்டுகிறான். அப்புறம் நடப்பதைச் சொல்ல மாட்டேன். ரொலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகர் இந்தச் சின்னக் கதையை 561 துண்டுகளாக வெட்டி 1970இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதைக் கதைக்கு முன்னால் தொடவே தொடாதீர்கள்.

பிரெஞ்சுக் கவிஞர் மியுஸெயின் ‘டிஷியனின் மகன்’, 1838, நேர் எதிர்ப் பக்கம். காதலியை ஒரே ஒரு தடவை அருமையாக வரைந்துவிட்டு, போதும் என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுகிற இளைஞன். ஃப்ரென்ஹோஃபரைப் படித்த வாரத்திலேயே படித்தால் நல்லது.

மார்கெரித் யூர்ஸ்னாரின் ‘வாங்-ஃபோ எப்படிக் காப்பாற்றப்பட்டார்’, 1938இல் வந்த கீழைக் கதைகள் தொகுப்பில் இருக்கிறது. பழைய சீனத்து ஓவியர் ஒருவர். அவர் வரைந்த உலகத்தைப் பார்த்தே வளர்ந்த பேரரசன், வெளியே வந்து நிஜ உலகத்தைப் பார்த்து ஏமாந்துபோய், அவர் கண்ணையும் கையையும் பறிக்கச் சொல்கிறான். அதற்கு முன் பாதியில் விட்ட ஒரு கடல் படத்தை முடித்துத் தர வேண்டும். அவர் வரைய வரைய மண்டபத்தில் தண்ணீர் ஏறுகிறது. பிரெஞ்சில் இவ்வளவு அமைதியான கதைகள் குறைவு. ஆனால் தொடக்கத்தில் சீடனின் மனைவிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்: கணவன் தன்னைவிடத் தன் படங்களை விரும்புவதைப் பார்த்துப் பார்த்து வாடி, ஒருநாள் பிளம் மரத்தில் தொங்குகிறாள். ஆசான் அதையும் வரைகிறார். செத்தவர்கள் முகத்தில் படரும் பச்சை அவருக்குப் பிடிக்கும். ஜிலெட்டின் அழுகை இங்கேயும் கேட்கும்.

கடைசியாக ஆல்பெர் காம்யுவின் ‘ஜோனாஸ்’, 1957. புகழ் வந்ததும் வீட்டில் கூட்டம் நிரம்பி, வரைய இடமில்லாமல் போன ஒரு பாரிஸ் ஓவியன், வீட்டுக்குள்ளேயே உயரத்தில் பரண் கட்டி அதில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். நாள்கணக்கில் இறங்குவதில்லை. கீழே விழுந்த பிறகு நண்பன் அந்தக் கேன்வாஸைப் போய்ப் பார்க்கிறான். முழுக்க வெள்ளை. நடுவில் மிகச் சின்ன எழுத்தில் ஒரே ஒரு சொல். ‘தனியாக’ என்று படிப்பதா, ‘சேர்ந்து’ என்று படிப்பதா என்று தெரியவில்லை. பிரெஞ்சில் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறும்.

ஃப்ரென்ஹோஃபரின் கேன்வாஸில் இடமே மிச்சமில்லை, ஜோனாஸின் கேன்வாஸில் இடத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஜோனாஸ் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார்.